போடித் தொகுதியும் ஓ. பன்னீர்செல்வமும்: ஒரு தேர்தல் வரலாறு

2001 முதல் 2021 வரை நடந்த ஐந்து சட்டமன்றப் பொதுத் தேர்தல்களிலும் ஓ. பன்னீர்செல்வம் வென்றார். முதல் இரண்டு வெற்றிகள் பெரியகுளத்தில், அடுத்த மூன்றும் போடிநாயக்கனூரில். இந்த இருபது ஆண்டுகளில் அவர் மூன்று முறை முதலமைச்சராகவும் ஒரு முறை துணை முதலமைச்சராகவும் இருந்தார். நிதித் துறையை நீண்ட காலம் கையில் வைத்திருந்தார். அவர் நின்றால் போடி அவருக்குத்தான் என்பது தமிழ்நாடு முழுக்கப் பரவிய எண்ணம். தொகுதியின் கணக்கைப் புரட்டினால் படம் வேறாக இருக்கிறது. அவர் வருவதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் போடி எந்தக் கட்சிக்கும் கோட்டையாக இருந்ததில்லை. அவர் வந்த பிறகும் வாக்கு வித்தியாசம் தேர்தலுக்குத் தேர்தல் குறைந்துகொண்டே போனது. ஆனாலும் மூன்று முறையும் தொகுதி அவரைக் கைவிடவில்லை.

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்து ஊர். ஊரின் பிழைப்பு கீழே பாதி, மேலே பாதி. கீழே மாந்தோப்பு, தென்னை, பருத்தி, கடை வீதி. மேலே ஏலக்காய். மலை முகட்டை ஒட்டித்தான் மாநில எல்லை ஓடுகிறது. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு போயின. அதனால் ஏலமலையின் பெரும்பகுதி இன்று இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்தத் தோட்டங்களுக்கு முதல் போட்டவர்களிலும், அங்கே காய் பறிப்பவர்களிலும், காயை வாங்கி விற்பவர்களிலும் போடிப் பக்கத்தவர்கள் ஏராளம். விடியற்காலையில் முந்தல் சாலையில் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். கூலி வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சோதனைச் சாவடி, அதற்கப்பால் கேரளம். பொழுது சாய்வதற்குள் அதே ஜீப்புகள் இறங்கிவிடும். பறித்து உலர்த்திய காய் மூட்டை மூட்டையாகப் போடிக்கு வந்து தரம் பிரிக்கப்படும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இரண்டு இடங்களில் நடக்கிறது: ஒன்று இடுக்கியின் புத்தடி, மற்றொன்று போடி.

இதற்கும் தேர்தலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வேலை ஒரு மாநிலத்தில், ஓட்டு இன்னொரு மாநிலத்தில் என்று வாழ்பவர்கள் நிறைந்த தொகுதி இது. 2011, 2016, 2021 ஆகிய மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாளில் வாக்களித்தன. தோட்டத்திலேயே குடியிருப்பவர்கள் அன்று மலையிறங்கி வந்தால்தான் இங்கே ஓட்டு. எல்லையின் இருபுறமும் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் பற்றிய புகார் ஒவ்வொரு தேர்தலின்போதும் எழுகிறது; கேரளத்தின் உடும்பஞ்சோலை, தேவிகுளம் தொகுதிகளில் அந்தப் புகாரின் சத்தம் இன்னும் பெரிது. ஒருவர் ஓரிடத்தில்தான் வாக்காளராக இருக்க முடியும் என்று சட்டம் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் இரண்டு மாநிலங்களின் பட்டியல்களைத் தனித்தனியாகத் தயாரிப்பதால், இரண்டிலும் உள்ள பெயரைக் கண்டுபிடித்து நீக்குவது எளிய வேலை இல்லை.

தொகுதியின் மலைப்பகுதிக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. குரங்கணிக்கு மேலே பாதை சரியில்லாத குடியிருப்புகளில் முதுவர் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். வாகனம் போகாத மலைக் கிராமங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் குதிரை முதுகில் கட்டி ஏற்றி அனுப்புவது தேனி மாவட்டத்தில் வழக்கமான காட்சி. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் போடி வட்டத்தைச் சேர்ந்தது, ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான் சுற்றிப் போக வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதுதான் வெளியுலகம் இந்தப் பெயரைக் கேட்டது. மேலே பாதை இல்லை என்ற குறை அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே இருந்தது. எண்ணிக்கையில் இந்த மலை வாக்குகள் குறைவு. தொகுதியின் முடிவு போடி நகரத்திலும் அடிவாரக் கிராமங்களிலும்தான் தீர்மானமாகிறது.

போடியின் தேர்தல் வரலாற்றில் நாடு முழுவதும் பேசப்பட்ட முதல் போட்டி 1989 ஜனவரியில் நடந்தது. எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு அ.தி.மு.க. இரண்டாக உடைந்திருந்தது, கட்சியின் இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டிருந்தது. ஜெயலலிதா தம் முதல் சட்டமன்றத் தேர்தலுக்குத் தேர்ந்தெடுத்த தொகுதி போடிநாயக்கனூர். அவருக்குச் சேவல் சின்னம். எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகியின் அணி இரட்டைப் புறா சின்னத்தில் நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவை நிறுத்தியது. ஜெயலலிதா 57,603 வாக்குகள் பெற்றார். இரண்டாமிடம் வந்த தி.மு.க. வேட்பாளர் பெற்றவை 28,872. மாநிலம் முழுவதும் தி.மு.க. வென்று, பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு கருணாநிதி முதலமைச்சரான தேர்தல் அது. ஜெயலலிதா அணி 27 இடங்களோடு எதிர்க்கட்சியானது. போடியின் உறுப்பினர் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார். அந்தத் தேர்தலில் ஜானகி அணிக்காகப் போடியில் வேலை செய்தவர்களில் பெரியகுளத்துக்காரரான பன்னீர்செல்வமும் ஒருவர். பிற்காலத்தில் அவருடைய எதிரிகள் இதை அடிக்கடி நினைவூட்டினார்கள்.

ஜெயலலிதா அடுத்த தேர்தலில் வேறு தொகுதிக்குப் போய்விட்டார். அதன் பிறகு போடி மாநிலத்தின் காற்று எந்தப் பக்கம் வீசியதோ அந்தப் பக்கமே சாய்ந்தது. 1991-ல் அ.தி.மு.க., 1996-ல் தி.மு.க., 2001-ல் மீண்டும் அ.தி.மு.க., 2006-ல் மீண்டும் தி.மு.க. நான்கு தேர்தல், நான்கு வெவ்வேறு உறுப்பினர்கள். நான்கு முறையும் கோட்டையில் ஆட்சி அமைத்த கட்சியே போடியிலும் வென்றது. 2006-ல் வென்ற தி.மு.க.வின் எஸ். லட்சுமணன் பின்னால் இரண்டு தேர்தல்களில் பன்னீர்செல்வத்தை எதிர்த்து நின்றவர்.

பன்னீர்செல்வம் 1951-ல் பெரியகுளத்தில் பிறந்தவர். குடும்பத்துக்கு விவசாயமும் ஊரில் ஒரு தேநீர்க் கடையும் இருந்தன. அரசியலில் அவர் ஏறிய படிகள் உள்ளூர்ப் படிகள்: கட்சியின் நகரப் பொறுப்பு, பிறகு 1996-ல் பெரியகுளம் நகர்மன்றத் தலைவர் பதவி. அந்த ஆண்டு அ.தி.மு.க. மாநிலம் முழுவதும் படுதோல்வி அடைந்திருந்தது என்பதை நினைத்தால் நகர்மன்ற வெற்றி சின்ன விஷயம் அல்ல. 1999 மக்களவைத் தேர்தலில் டி.டி.வி. தினகரன் பெரியகுளம் தொகுதியில் நின்று வென்றார். பன்னீர்செல்வம் கட்சித் தலைமையின் பார்வைக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். 2001-ல் பெரியகுளம் சட்டமன்றத் தொகுதியில் அவர் 62,125 வாக்குகள் பெற்று, தி.மு.க. வேட்பாளரை 17,920 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வருவாய்த் துறை அமைச்சரானார்.

நான்கு மாதங்களில் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2001 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஜெயலலிதாவின் முதலமைச்சர் நியமனம் செல்லாது என்றது. அன்று இரவே முதன்முறை சட்டமன்ற உறுப்பினரான பன்னீர்செல்வம் முதலமைச்சராகப் பதவியேற்றார். 2002 பிப்ரவரியில் ஜெயலலிதா ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் வென்றதும் பதவியைத் திருப்பிக் கொடுத்தார். அந்த இடைத்தேர்தலுக்காக ஆண்டிப்பட்டி இடத்தை விட்டுக்கொடுத்தவர் தங்க. தமிழ்ச்செல்வன். ஒரே மாவட்டத்தின் இரண்டு உறுப்பினர்கள், ஒருவர் நாற்காலியையும் மற்றவர் தொகுதியையும் ஜெயலலிதாவுக்காகக் கொடுத்தார்கள். தேனி மாவட்ட அ.தி.மு.க.வில் இந்த இருவருக்கும் இடையே இருந்த போட்டியைப் புரிந்துகொள்ள அந்த ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

2006-ல் அ.தி.மு.க. ஆட்சியை இழந்தது. பெரியகுளத்தில் பன்னீர்செல்வம் மீண்டும் வென்றார். சட்டமன்றத்தில் சில நாட்கள் எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்தார். அவருடைய சொந்த ஊர்த் தொகுதி மாநிலப் போக்குக்கு எதிராக அவரைத் தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் முறை. அதே தேர்தலில் பக்கத்துப் போடி தி.மு.க.வுக்குப் போனது. அவருடைய பலம் அன்று பெரியகுளத்தின் எல்லையைத் தாண்டவில்லை என்பதற்கு அதுவே சான்று.

அடுத்த மாற்றத்தை உண்டாக்கியது தொகுதி மறுசீரமைப்பு. மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு தொகுதிகளின் எல்லைகளைத் திருத்துவதும், எந்தத் தொகுதி பட்டியல் வகுப்பினருக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று முடிவு செய்வதும் மறுசீரமைப்பு ஆணையத்தின் வேலை. 2008-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் தேனி சட்டமன்றத் தொகுதி இல்லாமல் போனது. பெரியகுளம் தனித் தொகுதியானது. மாவட்டத்தில் ஆண்டிப்பட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் என்று நான்கு தொகுதிகள் எஞ்சின. பெரியகுளத்தில் இனிப் பன்னீர்செல்வம் நிற்க முடியாது. சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருந்த போடிக்கு அவர் வந்தார். ஓர் அரசியல்வாதியின் சொந்தத் தொகுதி ஓர் ஆணையத்தின் உத்தரவால் கைநழுவுவது இந்தியாவில் அடிக்கடி நடப்பது. அப்படி இடம்பெயர்ந்தவர்களில் பலர் புதிய இடத்தில் வேர் பிடிக்காமல் போயிருக்கிறார்கள்.

2011 ஏப்ரல் தேர்தலில் அவர் 95,235 வாக்குகள் பெற்றார். அப்போதைய உறுப்பினர் லட்சுமணனுக்கு 65,329. வித்தியாசம் 29,906. அந்த ஆண்டு அ.தி.மு.க. மட்டும் 150 இடங்களை வென்றது. மாநிலம் முழுவதும் வீசிய அலையின் பங்கு அந்த வித்தியாசத்தில் பெரிது. பன்னீர்செல்வம் நிதியமைச்சரானார், ஆட்சியில் இரண்டாமிடத்தில் இருப்பவராகக் கருதப்பட்டார். மறு ஆண்டே, 2012-ல், போடியில் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கியது. கூலிக்கு மலையேறும் குடும்பங்களின் பிள்ளைகள் மதுரைக்கோ கோவைக்கோ போகாமல் உள்ளூரிலேயே பொறியியல் படிக்க முடிந்தது பெரிய மாற்றம். தொகுதியின் உறுப்பினர் நிதியமைச்சராக இருப்பதால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு ஊர்க்காரர்கள் முதலில் காட்டுவது இந்தக் கல்லூரியைத்தான்.

தீராத குறைகளும் இருந்தன. மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியோடு நின்றது. மீண்டும் போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூனில். மத்திய அரசின் துறையான ரயில்வேக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் பொறுப்பாக்க முடியாது என்றாலும், பன்னிரண்டு ஆண்டுகள் ரயில் இல்லாத ஏலக்காய்ச் சந்தையில் அந்தக் கோபம் எல்லாத் தேர்தலிலும் பேசப்பட்டது. பொட்டிப்புரம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு எதிரான போராட்டமும் இதே காலத்தது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் வெடித்தபோது எல்லைச் சாலைகள் அடைபட்டன. தோட்ட வேலைக்குப் போனவர்கள் அச்சத்தோடு ஊர் திரும்பினார்கள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் அணையில் 142 அடி தண்ணீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த நவம்பரில் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டபோது முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் பன்னீர்செல்வம். சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதா தண்டிக்கப்பட்டதால் 2014 செப்டம்பர் 29 அன்று அவர் இரண்டாம் முறை பதவியேற்றிருந்தார். 2015 மே மாதம், விடுதலையான ஜெயலலிதாவிடம் பதவியை ஒப்படைத்தார்.

2016-ல் மீண்டும் பன்னீர்செல்வம், மீண்டும் லட்சுமணன். 99,531-க்கு 83,923. வித்தியாசம் 15,608, அதாவது முந்தையதில் ஏறக்குறையப் பாதி. பன்னீர்செல்வத்தின் வாக்கு குறையவில்லை, நாலாயிரத்துக்கும் மேல் கூடியது. ஆனால் தி.மு.க.வின் வாக்கு பதினெட்டாயிரத்துக்கும் மேல் கூடியது. ஒரு தொகுதி பாதுகாப்பானதா என்று மதிப்பிடும்போது வென்றவரின் வாக்கை மட்டும் பார்ப்பது வழக்கமான தவறு. எதிர்த்து நின்றவரின் வாக்கு எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதில்தான் அடுத்த தேர்தலின் செய்தி இருக்கும்.

அந்த ஆண்டின் டிசம்பர் 5 இரவு ஜெயலலிதா இறந்தார். சில மணி நேரத்துக்குள் பன்னீர்செல்வம் மூன்றாம் முறை முதலமைச்சரானார். 2017 பிப்ரவரி 5 அன்று பதவி விலகல் கடிதம் கொடுத்தார். 7-ஆம் தேதி இரவு மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் அமர்ந்து, எழுந்து, தம்மைக் கட்டாயப்படுத்தி அந்தக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்றார். பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் புதிய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்கு 122 வாக்குகள் கிடைத்தன. எதிராக விழுந்தவை 11. ஆகஸ்ட் 21 அன்று இருவருடைய அணிகளும் இணைந்தன, பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரானார். அதே காலத்தில் தங்க. தமிழ்ச்செல்வன் கட்சிக்குள் தனி அணியாக நின்ற தினகரன் பக்கம் போய்த் தகுதி நீக்கம் செய்யப்பட்ட பதினெட்டு சட்டமன்ற உறுப்பினர்களில் ஒருவரானார்.

2019 ஏப்ரல் 18 தேனி மாவட்டத்துக்கு விசித்திரமான வாக்குப்பதிவு நாள். மக்களவைத் தேர்தலோடு ஆண்டிப்பட்டி, பெரியகுளம் இடைத்தேர்தல்களும் நடந்தன. தேனி மக்களவைத் தொகுதியில் பன்னீர்செல்வத்தின் மகன் ரவீந்திரநாத், காங்கிரசின் ஈ.வி.கே.எஸ். இளங்கோவனை 76 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் வென்றார், தமிழ்நாட்டில் அ.தி.மு.க. கூட்டணி வென்ற ஒரே இடம் அது. ஆனால் இரண்டு இடைத்தேர்தல்களிலும் தி.மு.க. வென்றது. மக்களவைக்கு ஒரு கட்சி, சட்டமன்றத்துக்கு வேறு கட்சி என்று ஒரே நாளில் பிரித்துப் போட்டவர்கள் கணிசமாக இருந்தார்கள் என்பதை இது காட்டுகிறது. குடும்பத்தின் செல்வாக்கு வேட்பாளருக்கு உதவியது, கட்சிக்கு உதவவில்லை.

2021 தேர்தலுக்கு முன்பு மலையின் பொருளாதாரம் ஏறி இறங்கியிருந்தது. கேரள வெள்ளத்தால் விளைச்சல் குறைந்து, 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. மறு ஆண்டு ஊரடங்கில் ஏலம் நின்றது. எல்லை அடைபட்டதால் போடிக்காரர்கள் தங்கள் தோட்டத்துக்கே போக முடியாமல் தவித்தார்கள். இந்தச் சூழலில் தி.மு.க. போடிக்கு அனுப்பிய வேட்பாளர், 2019-ல் அக்கட்சியில் சேர்ந்திருந்த தங்க. தமிழ்ச்செல்வன். இருபது ஆண்டுப் போட்டி நேருக்கு நேர் வந்தது. பன்னீர்செல்வம் 1,00,050 வாக்குகள் பெற்றார், தமிழ்ச்செல்வன் 89,029. வித்தியாசம் 11,021. மாநிலத்தில் தி.மு.க. 133 இடங்களை வென்றது. தேனி மாவட்டத்தின் மற்ற மூன்று தொகுதிகளும் தி.மு.க.வுக்குப் போயின.

1989-க்குப் பிறகு போடி மாநிலப் போக்கை மீறியது இதுவே முதல் முறை. 1989-ல் ஜெயலலிதா, 2021-ல் பன்னீர்செல்வம்: இரண்டு முறையும் வேட்பாளர் ஒரு தலைவர். போடிக்குக் கட்சிப் பற்றை விட வேட்பாளரின் உயரம் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. அமைச்சரை அனுப்பினால் சாலையும் கல்லூரியும் வரும் என்ற கணக்கு அதில் ஒரு பகுதி. முக்குலத்தோர் வாக்குகளில் அவருக்கிருந்த பிடிப்பு இன்னொரு பகுதி. ஆனால் தமிழ்ச்செல்வனும் அதே வட்டாரத்தில் வேர் உள்ளவர் என்பதால் அதை மட்டும் வைத்து 2021-ஐ விளக்க முடியாது. திருமண வீடு, துக்க வீடு எதையும் விடாமல் தொகுதியில் தலைகாட்டும் அவருடைய பழக்கத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நீண்ட காலம் ஒரே தொகுதியை வைத்திருந்தவர்களின் வரிசையில் பன்னீர்செல்வத்தின் மூன்று வெற்றிகள் அதிகம் அல்ல. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கே.எம். மாணி 1965 முதல் இறக்கும்வரை பாலாவை விடவில்லை. உம்மன் சாண்டி 1970 முதல் 2023 வரை புதுப்பள்ளியின் உறுப்பினர். தமிழ்நாட்டில் இத்தகைய தொகுதிகள் குறைவு. கருணாநிதி போட்டியிட்ட பதின்மூன்று தேர்தல்களிலும் வென்றார், ஆனால் தொகுதி மாறிக்கொண்டே இருந்தது. கோபிசெட்டிபாளையத்தைத் தம் பெயரோடு சேர்த்துவிட்ட செங்கோட்டையனும் 1996-ல் அங்கே தோற்றார். காட்பாடியில் பல முறை வென்ற துரைமுருகனுக்கு 2021-ல் கிடைத்த வித்தியாசம் 746 வாக்குகள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆட்சியை மாற்றிப் பழகிய மாநிலத்தில் 11,021 என்பது மெலிந்த வித்தியாசம் அல்ல.

2021-க்குப் பிறகு பன்னீர்செல்வம் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் துணைத் தலைவரானார். 2022 ஜூலை 11 அன்று அ.தி.மு.க. பொதுக்குழு அவரைக் கட்சியிலிருந்து நீக்கியது. அந்தப் பொதுக்குழுவின் முடிவுகளை எதிர்த்து நடந்த வழக்கில் 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பழனிசாமி தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இரட்டை இலையில் வென்ற போடி உறுப்பினர், கட்சி இல்லாத உறுப்பினராகச் சபையில் அமர்ந்தார். 2024 பிப்ரவரியில் பழனிசாமிக்குப் பக்கத்தில் இருந்த இருக்கையும் ஆர்.பி. உதயகுமாருக்குப் போனது.

அந்த ஆண்டின் மக்களவைத் தேர்தலில் அவர் போட்டியிட்டது தேனியில் அல்ல, இராமநாதபுரத்தில். பா.ஜ.க. கூட்டணி ஆதரவோடு பலாப்பழம் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். அதே பெயரில் வேறு சில பன்னீர்செல்வங்களும் வாக்குச்சீட்டில் இடம்பிடித்தார்கள். 3,42,882 வாக்குகள் பெற்று இரண்டாமிடம் வந்தார். இரட்டை இலை மூன்றாமிடத்துக்குப் போனது. வென்றவர் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் நவாஸ் கனி. தேனியில் ரவீந்திரநாத் மீண்டும் நிற்கவில்லை. அங்கே பா.ஜ.க. கூட்டணி வேட்பாளராக வந்த தினகரனைத் தி.மு.க.வின் தங்க. தமிழ்ச்செல்வன் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மூன்று ஆண்டுகளுக்கு முன் போடியில் தோற்ற அவர், போடியையும் உள்ளடக்கிய மக்களவைத் தொகுதியின் உறுப்பினரானார்.